பதினேழில் முறிந்த விதி

இக்காலத்து மாணாக்கர் பலர் கணித ஆராய்ச்சியிற் புகுங்கால் தரவு அறிவியலையும் எந்திரக் கற்றலையுமே பெரிதும் நாடுகின்றனர். பல்லாயிரம் எடுத்துக்காட்டுகளைக் கணிப்பொறிக்கு ஊட்டி, அவற்றில் அமைந்த ஒழுங்கினை அதுவே கண்டுகொள்ளுமாறு செய்தல் எந்திரக் கற்றல் எனப்படும். தமிழ் பயிலும் நமக்கு இதன்கண் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். எனினும், நாகர்கோவிலிற் பயின்ற ஒருவர் பின்னாளிற் செய்த ஆராய்ச்சி இம்முறையின் எல்லையை நன்கு காட்டுதலின், அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அவர் எஸ். எஸ். பிள்ளை என வழங்கப்பெற்ற சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-ஆம் ஆண்டு குற்றாலத்தை அடுத்த வல்லத்திற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் பருவத்தில் தந்தையையும் இழந்தார். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட்டும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ.யும் கற்றுச் சென்னையில் ஆனந்தராவிடம் ஆராய்ச்சி மாணவராயினார். 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார்.

அவர் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று சிறுவர்க்கும் விளங்குவது. அடுத்தடுத்து வரும் எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்க. ஏனைய எல்லாவற்றோடும் 1 அன்றி வேறு பொதுக் காரணி இல்லாத எண் அவற்றுள் ஒன்றேனும் இருக்குமா? 8, 9, 10 என்பவற்றில் 8-உம் 10-உம் இரண்டால் வகுபடும். 9 தனித்து நிற்கும். நான்கு, ஐந்து, பத்து என எடுப்பினும் தனித்த எண் ஒன்று அகப்பட்டுக்கொண்டே இருக்கும். பதினாறு எண்கள் வரை இது எங்கும் பொய்யாது எனப் பிள்ளை மெய்ப்பித்தார்.

பதினேழில் விதி முறிகின்றது. 2184 முதல் 2200 வரை எழுதிப் பார்க்க. தாளும் பென்சிலும் போதும். இரட்டை எண்கள் யாவும் இரண்டால் வகுபடும். 2187, 2193, 2199 மூன்றால் வகுபடும். 2185, 2195 ஐந்தால் வகுபடும். எஞ்சியவை மூன்றே. 2189-க்கும் 2200-க்கும் பதினொன்று பொது. 2191-க்கும் 2184-க்கும் ஏழு பொது. 2197 என்பது பதின்மூன்றின் கனம். 2184-உம் பதின்மூன்றால் வகுபடும். தனித்த எண் ஒன்றுமில்லை! பதினேழு முதல் 430 வரை எவ்வளவிலும் இத்தகைய தொகுதி உண்டெனப் பிள்ளை காட்டினார். அதற்கு மேலும் அவ்வாறே என்று 1941-இல் பிரௌவர் நிறுவினார்.

இனி எந்திரத்தை நோக்குவோம். 1 முதல் 2183 வரை எவ்வெண்ணிலே தொடங்கிப் பதினேழு எண்கள் எடுப்பினும் விதி பிழைபடுவதில்லை. இத்தொகுதிகளுட் பெரும்பாலனவற்றை எந்திரத்துக்குக் கற்பித்து, எஞ்சியவற்றைத் தேர்வுக்கென ஒதுக்கினால், 'தனித்த எண் என்றும் உண்டு' என்றே விடை கூறி அது நூற்றுக்கு நூறு பெறும். அடுத்த தொகுதியே அதனைப் பொய்ப்பிக்கும். கற்பித்த பாடமும் தேர்வு வினாவும் ஒரே வரம்பினுள் அடங்கியதே இதற்குக் காரணம்.

இஃது எண்களோடு நிற்பதன்று. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைந்து வலுத்தபோது நம் கரையோர மீனவர் பலர் கடலில் இருந்தனர், மீளாதவரும் பலர். இம்முனையை ஒட்டிப் புயல் உருவாதல் அரிது. புயலில்லா ஆண்டுகளின் தரவை மட்டும் கற்ற எந்திரத்தின் சொல்லை நம்பி வள்ளம் இறக்க யார் துணிவார்?

எந்திரம் வேண்டா என்பது நம் கருத்தன்று. பிள்ளைக்குப் பெரும்புகழ் தந்தது வாரிங் என்பாரின் வினா. எந்த முழு எண்ணையும் 73-க்கு மேற்படாத ஆறாம்படி எண்களைக் கூட்டிப் பெறலாம் என்று அவர் 1940-இல் நிறுவினார். 703 என்னும் எண்ணுக்கு 73-உம் வேண்டும்: 64 பத்து முறை, 1 அறுபத்துமூன்று முறை. 1950 ஆகஸ்டில், அமெரிக்காவிற் கூடவிருந்த உலகக் கணிதப் பேரவைக்குச் செல்லும் வழியில், கெய்ரோவுக்கருகே விமான விபத்தில் அவர் மாண்டார். உயர்ந்த படிகளுக்கு அவர் கண்ட வாய்பாடு ஒரு நிபந்தனையைச் சார்ந்தது. அது 47 கோடிக்கு மேற்பட்ட படிகள் வரை பொருந்துதலைக் கணிப்பொறி கொண்டு 1990-இல் சரிபார்த்தனர். எல்லாப் படிகளுக்கும் பொருந்தும் என்பதற்கு மெய்ப்பு இன்றளவும் இல்லை.