சன்மானம் போய் பில் வந்தது

தபால்காரர் கையில் இருக்கும் உறையைத் தெருமுனையிலேயே பார்த்துவிடுவேன். உறையில் என் கையெழுத்து தெரிந்தால் கதை திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை இணைக்காத படைப்புகளைத் திருப்பி அனுப்ப இயலாது என்று பத்திரிகைகள் அறிவிப்பு போட்டிருந்த காலம் அது. நானே விலாசம் எழுதி, நானே தலை ஒட்டி அனுப்பிய உறை மதுரையிலிருந்து சென்னைக்குப் போய் மறுபடி என் வாசலுக்கே வரும். வேறு யாருடைய கையெழுத்திலாவது ஒரு அஞ்சலட்டை வந்தால்தான் கதை தேறியது என்று தெரியும். 1986இல் அப்படி ஒரு அட்டை எனக்கு முதன்முதலாக வந்தது.

ஃபுல்ஸ்கேப் தாளில் இரண்டு விரல் மார்ஜின் விட்டு, ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். அடியில் கார்பன் வைத்தால் நமக்கு ஒரு பிரதி மிஞ்சும். கதை அச்சாகி மூன்று மாதம் கழித்து மணியார்டர் வந்தது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 50 ரூபாயை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். படிவத்தின் அடிப்பகுதியில் இருந்த கூப்பனைக் கிழித்துக் கையில் தந்தார். பத்திரிகையின் ரப்பர் முத்திரை, கதையின் பெயர், பக்கத்தில் ‘சன்மானம்’ என்று ஒரு சொல். அம்மா அந்தத் துண்டைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

அந்தச் சொல்லைப் பற்றிப் பல வருஷம் யோசித்திருக்கிறேன். சன்மானம் என்பது அரசர் புலவருக்கு மனமுவந்து தருவது. எவ்வளவு என்று புலவர் கேட்க முடியாது. பத்திரிகையிலும் அப்படித்தான்: கதையை அனுப்பும்போது தொகை தெரியாது, வந்த பிறகுதான் தெரியும். கேட்பது மரியாதைக் குறைவு. தமிழில் எழுதிப் பிழைக்க நினைத்தவர்கள் பட்ட பாட்டில் பாதி இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் முடிவு.

புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையை விட்டு சினிமாவுக்கு எழுதப் போனார். 1948இல், 42 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோனபோது குடும்பத்துக்கென்று சேமிப்பு எதுவும் இல்லை. வல்லிக்கண்ணன் கடைசிவரை எழுத்தையே நம்பி, கல்யாணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தார். அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டபின் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வீட்டை ஓட்டினார். சுஜாதாவுக்கு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் சம்பளம் இருந்தது. எழுத்தையே மாதச் சம்பளம் போல ஆக்கிக்காட்டியவர்கள் மாத நாவல்காரர்கள்தான். கோவையில் உட்கார்ந்து 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமாரை இலக்கியவாதிகள் கணக்கில் சேர்க்காமல் போகலாம். எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் நான் அவரை வணங்குகிறேன். மாதம் பிறந்தால் பஸ் ஸ்டாண்டுக் கடையில் புத்தகம் தொங்க வேண்டும் என்றால், மழையோ காய்ச்சலோ, அன்றைய பக்கத்தை அன்றே எழுதியாக வேண்டும்.

எனக்குச் சோறு போட்டது கதை அல்ல, அச்சகம். கோயில் தல வரலாறு, பள்ளி ஆண்டு மலர், வாழ்த்து மடல், சிவகாசி தினசரி காலண்டருக்குப் பொன்மொழி. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புது காலண்டர் ஆல்பம் வெளியாகும். அந்தப் பருவம் நெருங்கினாலே முதலாளி ஆள் அனுப்புவார். வருஷா வருஷம் அதே அச்சகம், அதே மேஜை. ஒரு கதை பிரசுரமானால் அடுத்த கதைக்கு மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். அச்சகத்துக்காரர் ஒருமுறை திருப்தியானால் அடுத்த வருஷமும் நம்மையே தேடுவார். நிலையான வருமானம் என்பது திரும்பி வரும் ஆள் என்று அந்த மேஜையில்தான் கற்றேன்.

இன்று வாசலில் காவல் இல்லை. 2014இல் தொடங்கிய பிரதிலிபி என்ற இணையதளத்தில் யாரும் கதை போடலாம். கிண்டிலில் தமிழ்ப் புத்தகத்தை நாமே வெளியிடலாம். கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் தமிழை ஏற்றது; அதற்கு முன் தமிழ்ப் பக்கங்களுக்கு அந்த விளம்பர வருமானம் கிடையாது. சப்டைட்டில், யூடியூப் சேனலுக்கு ஸ்கிரிப்ட், ஆடியோ தொடர், செயலிகளின் தமிழாக்கம் என்று நான் இளைஞனாக இருந்தபோது பெயர்கூட இல்லாத வேலைகள் வந்துவிட்டன.

என் தம்பி மகள் இந்த மாதிரி வேலைகள்தான் செய்கிறாள். போன வருஷம் ஒருநாள் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள்.

“பெரியப்பா, சொல்லுக்கு 80 காசு பேசியிருந்தாங்க. இப்ப மெஷினே மொழிபெயர்த்துடுது, நீங்க சரி மட்டும் பாருங்க, 30 காசு தர்றோம்னு மெயில் வந்திருக்கு.”

கணக்குப் போட்டோம். 80 காசுக்கு ஒரு நாளைக்கு 2,000 சொல் செய்தால் 1,600 ரூபாய். அதே 1,600க்கு இனி 5,300 சொல்லுக்கு மேல் பார்க்க வேண்டும். மெஷின் அனுப்பிய கோப்பைத் திறந்தாள். ஒரு வங்கிச் செயலி. ‘வட்டி’ என்று வரவேண்டிய இடமெல்லாம் ‘ஆர்வம்’. ‘கணக்கு இருப்பு’ என்பதற்கு ‘கணக்கு சமநிலை’. உங்கள் ஆர்வம் வரவு வைக்கப்பட்டது என்று ஒரு பென்ஷன்காரருக்குக் குறுஞ்செய்தி போனால் அவர் என்ன நினைப்பார்? சரி பார்ப்பது என்று பெயர், பாதியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

அவள் அந்தப் பிழைகளில் இருபதை அட்டவணை போட்டு, இது இன்னது, இதனால் வாடிக்கையாளருக்கு இன்ன குழப்பம் என்று பக்கத்தில் எழுதி, மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டு அனுப்பினாள். ஒரு நிறுவனம் ஒத்துக்கொண்டது. இன்னொன்று பதிலே போடவில்லை. நான் அவள் வயதில் தொகையைப் பற்றி ஒரு வரி எழுதத் துணிந்ததில்லை.

அடுத்து ஒரு ஆடியோ தொடருக்கு ஒப்பந்தம் வந்தது. ‘எல்லா வடிவங்களிலும், உலகெங்கும், நிரந்தரமாக’ என்று ஒரு பிரிவு. அங்கே நான் அவளை நிறுத்தினேன். நான் கை சுட்டுக்கொண்ட இடம் அது. 90களில் ஒரு பதிப்பகம் என் கதைகளை என்னைக் கேட்காமலே தொகுப்பாகப் போட்டது. சன்மானம் வாங்கியபின் கதை என்னுடையது இல்லை போலும் என்று வாயை மூடிக்கொண்டேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பிறகுதான் படித்தேன். எழுத்து மூலம், கையொப்பத்தோடு கொடுத்தால்தான் உரிமை கைமாறும். எத்தனை ஆண்டு என்று குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ‘நிரந்தரமாக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும். அவள் ஐந்து ஆண்டு, ஆடியோ மட்டும் என்று திருத்தி அனுப்பினாள். இரண்டு வாரம் இழுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது அவளுக்கு மாதத் தொகைக்கு மூன்று இடங்கள். ஒரு ஜவுளிக்கடைக்கு வாராவாரம் விளம்பர வாசகம், ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகளுக்கான கையேடு, ஒரு யூடியூப் சேனலுக்கு ஸ்கிரிப்ட். ஜவுளிக்கடையை எப்படிப் பிடித்தாள்? யாரும் கேட்காமலே அவர்களுடைய பொங்கல் விளம்பரத்தைத் தன் பாணியில் மாற்றி எழுதி, முதலாளியிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த மூன்றிலிருந்து வருவது வாடகைக்கும் அரிசிக்கும். கதைக்கு வரும் பணம் அதற்கு மேலே. கதை இரவில் எழுதுகிறாள். வாடகைக்காக எழுதாததால் அவசரமில்லாமல் எழுதுகிறாள்.

ஒன்றை மட்டும் இழந்துவிட்டோம், அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. ஒருமுறை திரும்பி வந்த கதையின் கடைசித் தாளில் ஒரு உதவி ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு அனுப்புங்கள். எடுத்தேன், வெளியானது. யாரென்றே தெரியாத ஒருவனுக்காக அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழித்தவர் அவர். இன்று என் தம்பி மகளின் கதைக்குக் கீழே ஐந்து நட்சத்திரம் விழுகிறது, ‘அருமை’ என்று முப்பது பேர் சொல்கிறார்கள். எந்தப் பத்தி அதிகம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

பணத்துக்குக் காத்திருப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அன்று மணியார்டருக்கு மூன்று மாதம் நின்றோம். இன்று போனில் ஒரு நொடியில் பணம் அனுப்ப முடிந்தும் ‘அக்கவுண்ட்ஸில் இருக்கு’ என்று அதே மூன்று மாதம். இதற்கும் வழி உண்டு. எழுத்து, மொழிபெயர்ப்பு போன்ற சேவையைத் தொழிலாகச் செய்யும் தனிநபரும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை, ஆதாரும் பான் எண்ணும் போதும். பதிவு செய்தபின் கொடுத்த வேலைக்கு, 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. என் தம்பி மகள் ஒவ்வொரு பில்லின் அடியிலும் தன் உத்யம் எண்ணை அச்சிடுகிறாள்.

எழுதிப் பிழைக்க வரும் பிள்ளைகளே, முதல் பில் போடுவதற்கு முன் அந்தப் பதிவைச் செய்துவிடுங்கள்.