பரிந்துரையும் தெரிவும்

ஆரம்ப பாடசாலைச் சிறாருள் மதிநுட்பம் மிக்காரைத் தெரிந்தெடுத்துத் தனி வகுப்பிற் கற்பிக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலே பரவலாக உண்டு. அவ்வகுப்புக்களில் வறிய குடும்பத்தாரும், கறுப்பினத்தாரும், இசுப்பானிய மரபினரும் தம் தொகைக்கேற்ற அளவிற் காணப்படுவதில்லை. அச்சிறாரின் தேர்ச்சி குறைவென்பர் ஒரு சாரார். தேடுவோர் கண்ணில் அவர் படவில்லை என்பர் மறுசாரார். இரண்டனுள் எது எத்துணை உண்மையென அளந்தறியும் வாய்ப்பைப் புளோரிடா மாநிலத்துப் புறோவாட் மாவட்டம் அளித்தது.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நன்கறிந்த எமக்கு அங்கிருந்த முறை விந்தையாகத் தோன்றலாம். ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தாலன்றிப் பெரும்பாலும் எப்பிள்ளையும் சோதிக்கப்படுவதில்லை. பரிந்துரை பெற்ற பிள்ளையை உளவியலாளர் சோதிப்பர். நுண்மதி ஈவு 130 ஐ எய்தினோர் தகுதியுடையராவர். வறியோர்க்கும் ஆங்கிலம் புதிதாகப் பயில்வோர்க்கும் 116 போதுமென விதி தளர்த்தப்பட்டிருந்தது. எனினும் சோதனைக்கு அனுப்பப்படாத பிள்ளைக்கு அச்சலுகையால் யாது பயன்? வசதி படைத்தோர் தம் செலவிலே தனியார் உளவியலாளரை நாடவும் இடமிருந்தது.

2005 ஆம் ஆண்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு முன்சோதனை நடத்தும் திட்டம் தொடங்கிற்று. நாக்லியரி என்பார் வகுத்த அச்சோதனை சொற்களை நாடாது, வடிவங்களின் ஒழுங்கை உய்த்துணரச் செய்வது. ஆகவே ஆங்கிலம் அறியாமை அதிற் பெருந்தடையன்று. அதில் உயர்ந்த புள்ளி பெற்றோரே உளவியலாளரிடம் அனுப்பப்பட்டனர். தகுதி எல்லைகளோ மாற்றப்படவில்லை.

விளைவினை டேவிட் கார்ட், லோரா ஜூலியானோ என்னும் பொருளியலறிஞர் ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். தெரிவானோர் விகிதம் இசுப்பானிய மரபினருள் நூற்றுக்கு 2 இலிருந்து 6 ஆகவும், கறுப்பினத்தாருள் 1 இலிருந்து 3 ஆகவும், வெள்ளையருள் 6 இலிருந்து 8 ஆகவும் உயர்ந்தது. புதிதாகக் கண்டறியப்பட்டோருட் பலர் எல்லையை மயிரிழையில் தாண்டியவரல்லர். அதனைப் பெரிதும் விஞ்சியவர். முன்னைய முறை பெண்பிள்ளைகளையும் தவறவிட்டிருந்தமை புலனாயிற்று.

ஆசிரியர் வேண்டுமென்றே இவர்களைப் புறக்கணித்தனர் எனல் பொருந்தாது. சரளமாகப் பேசும் பிள்ளையையும், கொப்பியைத் துப்புரவாக வைத்திருக்கும் பிள்ளையையுமே எம் கண் முதலிற் காண்கிறது. மூலையிலிருந்து மௌனமாகச் சிந்திக்கும் பிள்ளையை எளிதிற் காண்பதில்லை. இஃது அமெரிக்க ஆசிரியர்க்கு மட்டும் உரிய இயல்பென்று யான் கருதவில்லை.

வேறுபாடு முற்றாக ஒழிந்ததுமன்று: 8 க்கும் 3 க்கும் இடைவெளி பெரிது. பள்ளி புகுமுன்னரே வறுமை விளைத்த குறையை இரண்டாம் வகுப்புச் சோதனையொன்று ஈடுசெய்யாது. ஆயினும் கிடைத்த இடம் வீண்போகவில்லை. அம்மாவட்டத்துத் தனி வகுப்புக்களில் எஞ்சிய இடங்கள் முன்னாண்டுப் பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெற்ற ஏனையோர்க்கு வழங்கப்பட்டன. அவ்வாறு இடம்பெற்ற கறுப்பின, இசுப்பானியச் சிறார் வாசிப்பிலும் கணிதத்திலும் வெகுவாக முன்னேறினர். சாதாரண வகுப்பில் எஞ்சியோர்க்கும் அதனாற் குறைவு நேரவில்லை.

பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து 2010 இல் அம்முன்சோதனை நிறுத்தப்பட்டது. பழைய வேறுபாடுகள் முன்னிருந்த அளவிலேயே மீண்டும் தோன்றின.