லூபஸ்: கட்டுப்பாடு இழந்த காவல்

காலையில் விக்ரோலி ரயில் நிலையத்தில் வேலைக்கு விரையும் பெண்களுள் எவரேனும் விரல் மூட்டுகளில் வலி, தீராத அசதி என்று கூறினால், வேலைப் பளுவே காரணம் என ஆறுதல் சொல்கிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வலி வாரக்கணக்கில் நீடித்து, வெயில் பட்டதும் கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் செம்மை படர்ந்தால், லூபஸ் நோயா என்று பார்த்துவிடுவது நல்லது. இந்நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோருக்கு 15 முதல் 45 வயதுக்குள் நோய் தொடங்குகிறது.

எதனால் வருகிறது?

லூபஸ் தொற்றுநோய் அன்று. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் நம் உடலையே தாக்குவதால் விளைவது. அவ்வாறு வரம்பு மீறும் அணுக்களை அடக்குவதற்கென்றே 'ஒழுங்காற்று டி அணுக்கள்' நம் உடலில் உள்ளன. ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை இனங்கண்டார். இவற்றுக்கு அடிப்படையான ஃபாக்ஸ்பி3 மரபணுவை அமெரிக்க அறிஞர்கள் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் வெளிப்படுத்தினர். மூவரும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

லூபஸ் நோயாளிகள் பலரிடம் இவ்வணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தோ செயல் தளர்ந்தோ இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கட்டுப்பாடு தளரும்போது, பி அணுக்கள் உடலின் சொந்த டிஎன்ஏவுக்கு எதிராகவே எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கின்றன. அவை சிறுநீரகத்தில் படிந்து, வலியேதும் தராமலே அதனைப் பழுதாக்கக்கூடும். எனவேதான் எளிய சிறுநீர்ப் பரிசோதனையும் இந்நோயில் இன்றியமையாததாகிறது.

சிகிச்சை

மலேரியாவுக்கென உருவான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையே இன்றும் சிகிச்சையின் அடித்தளம். உடல் தேறியதும் அதனைத் தாமாக நிறுத்துவதால் நோய் மீண்டும் சீறி எழலாம். இம்மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோர் கண் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். விக்ரோலியிலிருந்து இதே ரயில் தடத்தில் உள்ள பரேலின் கே.இ.எம். மருத்துவமனையில் வாதநோய்ப் பிரிவு இயங்குகிறது.

புதிய நம்பிக்கையும் உண்டு. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், மாற்றியமைக்கப்பட்ட டி அணுக்களைச் செலுத்திப் பி அணுக்களை அழித்தபோது, கடும் லூபஸ் கொண்ட ஐவரிடம் நோய் தணிந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டது. அதே வகைச் சிகிச்சையை, விக்ரோலியை அடுத்த பவாயிலுள்ள ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்காக உருவாக்கின. 2023இல் அதற்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. லூபஸுக்கு அது வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

செலவுக்கு முன்னேற்பாடு

ஆண்டுக்கணக்கில் தொடரும் நோய் இது. நலமாக இருக்கும்போதே மருத்துவக் காப்பீடு எடுப்பது நன்று. ஏற்கெனவே நோயிருப்பின் விண்ணப்பத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். இத்தகைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 3 ஆண்டுகளுக்கு மிகக் கூடாதென 2024 முதல் விதி உள்ளது. பரிசோதனை முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் பாதுகாத்து வாருங்கள்; மருத்துவருக்கும் காப்பீட்டுக்கும் அவை உதவும்.