ஜுபைலில் ஆலைக்கு முன் எழுந்த பள்ளி

சபுருக்கு மகனை அனுப்ப ஆயத்தமாகும் பெற்றோரே! ஜுபைல் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது மாதந்தோறும் வரும் பணந்தானே? அந்நகரின் வரலாற்றையும் சற்று அறிந்துகொள்ளுங்கள்.

சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையில், மீன்பிடித்தலும் முத்துக்குளித்தலுமாக வாழ்ந்த சிற்றூர் அது. எண்ணெயுடன் வெளிப்பட்ட வாயுவை வீணே எரித்து வந்த அந்நாடு, அதையே மூலப்பொருளாக்கத் துணிந்தது. ஜுபைல், யான்பு நகரங்களுக்கான ராயல் கமிஷன் 1975-லும், சாபிக் நிறுவனம் 1976-லும் அமைந்தன. மெத்தனால், எத்திலீன் ஆலைகள் 1980-களில்தான் இயங்கலாயின. ஆனால் 1978-லேயே அங்கு தொழிற்பயிற்சி நிலையம் தோன்றிவிட்டது! அதுவே பின்னர் ஜுபைல் தொழிற்கல்லூரியாக வளர்ந்தது. உலை மூட்டுமுன் சமையற்காரரைத் தேடிய அறிவு அது.

வெளிநாட்டார் கட்டிய ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் மண்ணின் மைந்தர் அமர்ந்தது இவ்வாறுதான். 2011-ல் வந்த ‘நிதாகத்’ திட்டம், சவூதியரை எத்தனை விழுக்காடு பணியமர்த்தினர் என்பதைக் கொண்டு நிறுவனங்களை நிற வாரியாகத் தரம் பிரித்தது. இதில் நாம் மனக்குறைப்பட என்ன இருக்கிறது? தம் பிள்ளைகளுக்கு வேலை தேடுவது எந்நாட்டுக்கும் உரிமையே.

நம் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லாமல் போகவில்லை. வெறுங்கையுடன் செல்வோருக்கே வழி குறுகுகிறது. சவூதியின் தொழில்திறன் சரிபார்ப்புத் தேர்வு 2022 இறுதியில் இந்தியாவிலும் தொடங்கியது. வெல்டர், பிளம்பர், எலக்ட்ரீசியன் ஆகியோர் முதலில் அதில் சேர்க்கப்பட்டனர். ஏஜென்டிடம் பணம் கட்டுமுன், விசாவில் குறித்துள்ள தொழிலை மகன் உண்மையிலேயே கற்றிருக்கிறானா என்று கேளுங்கள்.