தேடும் சொல்லும் கிடைக்கும் நூலும்

எங்கள் பாத்திரக் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர் குடம் என்பார். இன்னொருவர் ஹண்டா என்பார். மூன்றாமவர் களசி என்பார். கடைப் பையன் புதியவனாக இருந்தால் தெரியாத பேருக்கு 'இல்லை' என்று சொல்லிவிடுவான். சரக்கோ பின்னால் அடுக்கிலே இருக்கும். நூலகத்துக் கணினிப் பட்டியலும் அந்தப் பையனைப் போலத்தான். நாம் கேட்ட சொல்லைப் பார்க்குமே தவிர, மனத்தில் நினைத்ததைப் பார்க்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்திலே, "அயல்நாட்டு நூலகங்களில் நம் நீலகேசி இல்லையே" என்று வருத்தப்பட்டுப் பேசிவிட்டேன். முடிந்ததும் நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்து, "ஐயா, என்ன எழுத்துப் போட்டுத் தேடினீர்கள்?" என்றார். அவர் மாற்றித் தட்டியதும், அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் வெளியிட்ட பதிப்பு வந்து நின்றது. சபையிலே தவறு சொல்லிவிட்டேனே என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. அதன்பின் கற்றவற்றை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது எழுத்துக்கூட்டு. பழைய பதிவுகள் பலவற்றில் தமிழெழுத்தே கிடையாது; உரோமன் எழுத்துதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலக முறையில் சகரத்துக்கு ஆங்கில 'சி' வரும். நாமோ நீலகேசிக்கு 'எஸ்' போடுகிறோம். சீவகனுக்கு 'எஸ்' அல்லது 'ஜே' போடுகிறோம். மூன்றையும் போட்டுப் பார்க்கவேண்டும். மேற்கோடு, கீழ்ப்புள்ளி இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது இணைப்புச் சொற்கள். 'ஆர்' போட்டால் வலை விரியும்: சமணம், சைனம், ஜைனம், ஆருகதம் எதுவானாலும் வரும். 'அண்ட்' போட்டால் குறுகும்: சமணம், தமிழ் இரண்டும் உள்ளவை மட்டும் வரும். இரண்டையும் கலந்தால், 'ஆர்' சொற்களை அடைப்புக்குறிக்குள் வைக்கவேண்டும். இரட்டை மேற்கோளுக்குள் வைத்த தொடர் அதே வரிசையில் தேடப்படும். ஜே, ஏ, ஐ, என் என்று நான்கெழுத்துத் தட்டி நட்சத்திரக்குறி இட்டால், அப்படித் தொடங்கும் சொல்லெல்லாம் பல தளங்களில் வந்துவிடும்.

'நாட்' என்ற விலக்குச் சொல்லிலேதான் எச்சரிக்கை தேவை. பௌத்தம் வேண்டாம் என்று அதை விலக்கினால் நீலகேசியும் போய்விடக்கூடும். குண்டலகேசி என்ற பௌத்த நூலுக்கு மறுமொழியாக எழுந்த நூலாயிற்றே! அதைப்பற்றிய பதிவில் பௌத்தம் என்ற சொல் வராமலா இருக்கும்?

மூன்றாவது, நல்ல நூல் ஒன்று அகப்பட்டால் அதோடு நின்றுவிடாதீர்கள். அப்பதிவின் அடியில் பொருள் தலைப்பு இருக்கும். நூலகர் வைத்த பேர் அது. அதைத் தொட்டால் கூடப்பிறந்த நூல்களும் வரிசையாக வரும்.

தேடிய சொற்களை ஒரு நோட்டிலே தேதி போட்டுக் குறித்து வைப்பது நல்லது. கடைக் கணக்குப்போல அதுவும் பின்னால் உதவும். 'கிடைக்கவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. இல்லை என்று எழுதுமுன் நாலு சொல்லாவது மாற்றிப் போட்டுப் பாருங்கள். நாம் இல்லை என்று அச்சிலே போட்டுவிட்டால், அடுத்து வருகிறவன் தேடவே மாட்டான்.