எச்சில் இலை எங்கே போகிறது?

பசுமைக் கல்யாணம் – 6

சென்ற வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு, விதை பதித்த தாளில் பத்திரிகை அடிக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக அடிக்கலாம். ஆனால் அந்தத் திருப்தியோடு நின்றுவிட வேண்டாம். மண்டபத்துக் குப்பையில் பெரும்பங்கு சேர்வது பந்திக்கூடத்தில். இந்த வாரம் அதன் பின்வாசலுக்குப் போவோம்.

மூன்றாம் பந்தி முடிந்த நேரத்தில் அங்கே போய் நின்று பாருங்கள். எச்சில் இலைக் குவியலுக்குள் பாதி குடித்த தண்ணீர் பாட்டில், காப்பி குடித்த பேப்பர் கப், ஐஸ்கிரீம் கிண்ணம், இலையோடு சேர்த்துச் சுருட்டி எடுத்த மேஜை விரிப்பு எல்லாம் கிடக்கும். வாசம் பிடித்து மாடு வரும். சோறு ஒட்டிய பிளாஸ்டிக் தாளையும் இலையோடு சேர்த்து விழுங்கும். அது செரிக்காது, முதல் வயிற்றிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

"எங்க வீட்டுக் கல்யாணத்தில் வாழை இலைதான்" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். இலைக்கென்றே பூவன் வாழை வைத்து அறுத்துக் கட்டி அனுப்புகிற விவசாயிக்கு அது பிழைப்பு. சாப்பிட்டு மூடிய இலை மாட்டுக்குத் தீனி, இல்லையென்றால் தோட்டத்துக்கு உரம். ஆனால் அதோடு நாலு கப்பும் இரண்டு பாட்டிலும் கலந்துவிட்டால் மொத்தக் குவியலும் குப்பை. யாரும் உட்கார்ந்து பிரிக்கப் போவதில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பந்திக்கூடத்தைச் சுற்றி வாருங்கள்: மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல். கல்யாணத்தைப் பார்த்தே எழுதியதுபோல இருக்கும். தண்ணீர் பாக்கெட் அதில் உண்டு, பாட்டில் இல்லை. இன்று இலைக்கு ஒன்றாக 300 மில்லி பாட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் அக்கா மகள் கல்யாணத்தில் நான் முதலில் பேசியது இந்தப் பாட்டிலைப் பற்றித்தான். சமையலுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்றே கேட்டேன்.

"அண்ணாச்சி, பாட்டில் வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் வச்சிருவோமா?"

"வைக்கலாம் தம்பி. கழுவுறதுக்கு ஆளு? டம்ளர்னா பந்திக்குப் பந்தி கழுவணும். நம்ம பொம்பளையாளுகளுக்குப் பாத்திரம் தேய்க்கவே நேரம் பத்தாது."

அவர் சொன்னது நியாயம். எத்தனையோ வீடுகளில் இந்த யோசனை இங்கேதான் முறிகிறது. பாட்டிலை நிறுத்திவிட்டு அந்த வேலையை ஏற்கெனவே இடுப்பொடிய நிற்கும் பெண்கள் தலையில் ஏற்றினால், அந்தப் பசுமையை நான் மதிக்க மாட்டேன். டம்ளர் கழுவ மட்டும் தனியாக நான்கு பேரை அமர்த்தி, கூலியை நாங்களே அவர்கள் கையில் கொடுத்தோம். வாடகைப் பாத்திரக் கடையில் 600 டம்ளர் எடுத்தோம். ஒரு பந்தி குடிக்கும்போது முந்தைய பந்தியின் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும். பாட்டிலுக்கு ஆகியிருக்கும் பணத்துக்குள் வாடகையும் கூலியும் அடங்கிவிட்டன.

இலை எடுப்பவர்களிடம் இரண்டு தொட்டி கொடுத்து, இலையும் சோறும் ஒன்றில், மற்றதெல்லாம் இன்னொன்றில் என்று காலையிலேயே சொல்லிவிட்டோம். பக்கத்து ஊரில் மாடு வளர்ப்பவர் சாயங்காலம் மினி வேனோடு வந்து இலையை ஏற்றிப் போனார். ஆட்கள் உட்காருமுன் எல்லாவற்றையும் பரிமாறி வைக்கும் வழக்கத்தையும் விட்டோம். உட்கார்ந்தபின் கேட்டுப் பரிமாறியதில் இலையில் மீந்த சோறு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

தாம்பூலப் பையில்தான் நான் தோற்றேன்.

முந்தின நாள் சம்பந்தி வீட்டார் மணமக்கள் பெயர் அச்சடித்த பைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தொட்டால் துணிபோல இருக்கும், பொட்டுப் பொட்டாய் அச்சு விழுந்திருக்கும் நான் ஓவன் பை. அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தடைப் பட்டியலிலும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. ஓர் ஓரத்தை வெட்டித் தீயில் காட்டினால் போதும்: பருத்தித் துணி எரிந்து சாம்பலாகும், இது உருகி மணியாகத் திரளும். அக்காவுக்குக் காட்டினேன்.

"பிரியமா வாங்கிட்டு வந்திருக்காங்கடா. இப்பப் போய் இதைச் சொல்லாதே" என்றாள்.

சொல்லவில்லை. எண்ணூறு பையும் தேங்காயோடு எண்ணூறு வீட்டுக்குப் போனது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது என் நினைவுக்கு வந்தது, பழைய கல்யாணங்களில் கொடுத்த மஞ்சள் துணிப்பைதான். பெயரும் தேதியும் மங்கிப்போகும்வரை வருடக்கணக்கில் கடைக்குப் போய்வரும். பை விஷயத்தை நான் பரிசத்தன்றே, யாருக்கு எந்தச் செலவு என்று பிரிக்கும்போதே பேசியிருக்க வேண்டும். சமையல்காரரிடம் பேசத் தெரிந்த எனக்குச் சம்பந்தியிடம் பேசத் தோன்றவில்லை.

அக்காவின் இளைய மகளுக்குத் தை மாதம் பரிசம். மாதிரிக்கு ஒரு மஞ்சப்பையை அக்கா இப்போதே வாங்கி பீரோவில் வைத்திருக்கிறாள்.

(அடுத்த வாரம்: மேடை அலங்காரம்)