காடப்பநல்லூர் வக்கீல்

மேட்டூரைத் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில், தமிழக-கர்நாடக எல்லையில் இருக்கிறது பாலாறு. 1993 ஏப்ரல் 9 அன்று அங்கே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்துபோனார்கள். அந்த வழக்கில் சைமன், ஞானப்பிரகாசம், மீசைக்கார மாதையா, பிலவேந்திரன் ஆகிய நால்வருக்கும் மைசூரு தடா நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்காக உயர்த்தியது. கருணை மனு போட்டார்கள். பதில் வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2013 பிப்ரவரியில் வந்த பதில்: நிராகரிப்பு.

2014 ஜனவரி 21 அன்று அந்த நால்வர் உட்பட 15 பேரின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்துத் தீர்ப்புச் சொன்ன அமர்வுக்குத் தலைமை தாங்கியவர், அதே காவிரிக் கரைப் பக்கத்துக்காரர். பவானி வட்டம் காடப்பநல்லூரில் 1949 ஏப்ரல் 27 அன்று விவசாயக் குடும்பத்தில் பிறந்த ப. சதாசிவம். அப்போது அது கோயமுத்தூர் மாவட்டம். 1979-ல்தான் ஈரோடு தனியாகப் பிரிந்தது.

அவர் குடும்பத்தில் அவர்தான் முதல் பட்டதாரி. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் கொங்கு கிராமத்தில் ஒரு தோட்டக்காரருக்குக் கோர்ட் என்றால் பயம். பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை, தோட்டத்துக்குப் போகிற தடத்தை அடைத்த தகராறு, பொழிக்கல்லை நகர்த்திய சண்டை என்று எதற்காகவாவது ஒருதரம் படியேறிவிட்டால், பத்திரக்கட்டை மஞ்சப்பையில் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வேப்பமரத்தடியில் பொழுதுக்கும் காத்திருந்தால், சாயங்காலம் வக்கீல் குமாஸ்தா வந்து அடுத்த வாய்தாத் தேதியைச் சொல்லிவிட்டுப் போவார். வழக்குப் போட்டவர் செத்து, மகன் நடந்து, பேரன் காலத்தில் தீர்ப்பு வந்த கதைகள் இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒன்று உண்டு. வழக்கின் உண்மையான செலவு வக்கீல் பீஸ் அல்ல, காலம்தான் என்பது அந்த மரத்தடியில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட பக்கத்திலிருந்து வந்த சதாசிவம் படித்தது சிவகாசியில் பி.ஏ., சென்னை அரசு சட்டக் கல்லூரியில் சட்டம். 1973 ஜூலையில் வக்கீலாகப் பதிவு. சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பா வக்கீல், மாமனார் நீதிபதி என்று பின்புலம் உள்ளவர்கள் நடுவே, அது எதுவும் இல்லாத ஒருவர் நிலைபெற இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பிடிக்கும். அவருக்கும் பிடித்தது. போக்குவரத்துக் கழகங்கள், நகராட்சிகள், வங்கிகள் ஆகியவற்றுக்குச் சட்ட ஆலோசகர், பிறகு அரசு வக்கீல் என்று ஏறி, 2001 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2007-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம். 2013 ஜூலை 19 அன்று இந்தியாவின் 40-ஆவது தலைமை நீதிபதி. பதஞ்சலி சாஸ்திரிக்குப் பிறகு தமிழகத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போன இரண்டாமவர்.

பதவியில் இருந்தது ஒன்பது மாதம்தான். அதற்குள் வந்தவற்றில் என் மனத்தில் முதலில் நிற்பது அந்த ஜனவரித் தீர்ப்பு. கருணை மனுவுக்குக் காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லாமல் இருப்பதே சித்திரவதை, அது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது என்றது அமர்வு. மனு நிராகரிக்கப்பட்ட செய்தியைக் கைதியிடம் சொன்ன பிறகு குறைந்தது 14 நாள் இடைவெளி, குடும்பத்துக்கு முன்கூட்டியே தகவல், இலவசச் சட்ட உதவி, மனநலப் பரிசோதனை எல்லாம் கட்டாயமாயின. முந்தைய ஆண்டுதான் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குருவைக் குடும்பத்துக்குத் தெரியாமலே தூக்கிலிட்டிருந்தார்கள். அதை நினைத்துப் பார்த்தால் அந்த 14 நாளின் அருமை விளங்கும். அடுத்த மாதமே, பிப்ரவரி 18 அன்று, பதினோரு ஆண்டு தாமதத்தைக் காரணம் காட்டி, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகியோரின் தூக்கும் ஆயுளாயிற்று.

2013 செப்டம்பர் 27 தீர்ப்பு நம் விரல் நுனிக்கே வந்தது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் ‘நோட்டா’ பொத்தான் இடம்பெற்றது அதனால்தான். அதற்கு முன் யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்ல வேண்டுமானால், வாக்குச்சாவடி அதிகாரியிடம் எல்லார் முன்னிலையிலும் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், ரகசியம் போய்விடும். 2014 மக்களவைத் தேர்தலில் நாட்டிலேயே அதிக நோட்டா விழுந்தது நீலகிரித் தொகுதியில்: 46,559. அவிநாசி, மேட்டுப்பாளையம், பவானிசாகர் எல்லாம் அந்தத் தொகுதிக்குள் வருபவைதான்.

2014 மார்ச் 27 தீர்ப்பைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. 1993 முதல் சாக்கடைக் குழிகளில் இறங்கி இறந்த தொழிலாளர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது அது. வழக்குப் போட்டது 2003-ல். தீர்ப்பு வரப் பதினோரு ஆண்டு. இத்தனைக்குப் பிறகும் குழிச் சாவுகள் நிற்கவில்லை என்பது நம் எல்லார்க்கும் வெட்கம்.

2014 ஏப்ரல் 26 அன்று ஓய்வு பெற்றார். செப்டம்பர் 5 அன்று கேரள ஆளுநராகப் பதவியேற்றார். இடையில் நாலேகால் மாதம். முன்னாள் தலைமை நீதிபதி ஒருவர் ஆளுநரானது இந்தியாவில் அதுவே முதல்முறை. 2013 ஏப்ரலில் அவர் இருந்த அமர்வு, துளசிராம் பிரஜாபதி போலி மோதல் கொலை வழக்கில் பா.ஜ.க.வின் அமித் ஷா மீதான தனி முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்திருந்தது. எதிர்ப்பாளர்கள் அதையும் பா.ஜ.க. அரசு தந்த ஆளுநர் பதவியையும் முடிச்சுப் போட்டார்கள். அவர் அதை மறுத்தார். தீர்ப்புக்கும் பதவிக்கும் தொடர்பு இருந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. அப்படிச் சொல்வது அநியாயம். என் வருத்தம் வேறு. தாமதம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அவ்வளவு நுட்பமாக எழுதியவர், அவசரம் ஒரு நீதிமன்றத்தின் பெயரை என்ன செய்யும் என்பதையும் எண்ணியிருக்க வேண்டும். நம் மாநில ஆளுநராக இருந்த பாத்திமா பீவியும் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்தான். அவர் ஓய்வு பெற்றது 1992-ல், ஆளுநரானது 1997-ல்.

கேரளத்தில் ஐந்து ஆண்டையும் முழுதாக முடித்தார். 2017-ல் அரசியல் கொலைகள் தொடர்ந்தபோது முதல்வர் பினராயி விஜயனையும் போலீஸ் தலைவரையும் அழைத்து விளக்கம் கேட்டதும், அதைத் தாமே ட்விட்டரில் அறிவித்ததும் சர்ச்சையாயின. மற்றபடி ராஜ்பவனும் அரசும் ஓயாமல் மோதிக்கொள்ளும் இன்றைய வழக்கத்தோடு ஒப்பிட்டால், அவர் காலம் அமைதியானது என்றே சொல்ல வேண்டும்.

குறை ஆளிடம் மட்டும் இல்லை, சட்டத்திலும் இருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஓய்வுக்குப் பின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது என்கிறது அரசியல் சாசனம் 124(7). அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்று சொல்லவில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கோ அந்தத் தடையை 148(4) தெளிவாகவே போட்டிருக்கிறது. எம்.சி. செடல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958-லேயே நீதிபதிகளுக்கும் அது வேண்டும் என்றது. யாரும் செய்யவில்லை. தூக்கைக் குறைத்த அந்த இரண்டு அமர்வுகளிலும் சதாசிவத்தோடு அமர்ந்திருந்த ரஞ்சன் கோகோய், தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்ற நாலாவது மாதம், 2020 மார்ச்சில், மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2023-ல் அப்துல் நசீர் ஓய்வு பெற்றது ஜனவரி 4 அன்று. ஆந்திர ஆளுநராக அறிவிக்கப்பட்டது பிப்ரவரி 12 அன்று. நாலு மாதம் என்பது ஒன்றேகால் மாதமாகச் சுருங்கியிருக்கிறது. 148(4)-ல் உள்ள அந்த வாசகத்தை 124-லும் சேர்க்க, நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றி, பாதி மாநிலச் சட்டமன்றங்கள் ஒப்புதல் தந்தால் போதும்.